பழைய கருவியும் புதிய ஒலியும்: வன்னி நிலத்திலே ஒரு வரலாற்று நோக்கு

புதிய கருவியொன்று தோன்றியவுடன் பழைய கருவி பயனற்றதாகிவிடும் என்பது பலரும் கொண்ட எண்ணம். பழையன கழிந்து புதியன புகுதலைக் குற்றமென்று கொள்ளாத இலக்கண மரபு தமிழுக்கும் உண்டு. ஆயினும், ஒலிக்கருவிகளின் வரலாற்றை ஆராயுமிடத்து, கழிந்ததென்று கருதப்பட்ட பொருளே பலமுறை புதிய முயற்சிக்கு முதலாக அமைந்தமை புலனாகும். இலங்கை வானொலியின் தோற்றமும், போர்க்காலத்தில் வன்னிப் பெருநிலப்பரப்பு மக்கள் வானொலி கேட்ட முறையும் இவ்வுண்மைக்குத் தக்க சான்றுகளாம்.

இங்கிலாந்திலே பி.பி.சி. 1922 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. அதனையடுத்துச் சில ஆண்டுகளுக்குள் கொழும்பிலும் ஒலிபரப்பு எழுந்தது. தந்தி அலுவலகத்திற் பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹார்ப்பர் என்பவர் அங்கிருந்து இசைத்தட்டுப் பாடல்களைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். அதற்குரிய கருவி புதிதாக விலைக்கு வாங்கப்பட்டதன்று. முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டே அது அமைக்கப்பட்டதென்பர். 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆந் திகதி தேசாதிபதி சேர் ஹியூ கிளிபேட் கொழும்பு வானொலியை முறைப்படி தொடக்கிவைத்தார். அழிவுக்கென அமைந்த கலத்தின் உறுப்புக்கள் இசைக்குக் கருவியானமை வியத்தற்குரியது.

இரண்டாம் உலகப் போரின் பின்னரும் இதுவே நிகழ்ந்தது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் 1944 ஆம் ஆண்டிலே கண்டியில் அமைந்தது. படைவீரருக்கென ரேடியோ சீயாக் என்னும் ஒலிபரப்பு நடைபெற்றது. அதற்கென ஏக்கலையில் நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலைக் கருவி, போர் முடிந்தபின் 1949 ஆம் ஆண்டிலே இலங்கை வானொலியின் உடைமையாயிற்று. 1950 இல் வர்த்தக சேவை தொடங்கியபோது, தமிழகத்தின் இல்லங்களிலும் கடைத்தெருக்களிலும் இலங்கையின் தமிழொலி கேட்டதற்கு இக்கருவியே ஏதுவாயிற்று. எஸ். பி. மயில்வாகனனின் குரல் கடல் கடந்து புகழ்பெற்றதும் இதன் பயனே. கருவி பழையது, அது பெற்ற பணி புதியது.

இனி, வன்னி நிலத்தை நோக்குவாம். இரணைமடுக் குளத்தின் நீர்வளத்தை நம்பிக் கிளிநொச்சிப் பகுதியிலே குடியேற்றங்கள் பெருகின. முல்லைத்தீவு 1978 இலும், கிளிநொச்சி 1984 இலும் தனி மாவட்டங்களாயின. வயலும் காடும் செறிந்த இந்நிலத்திற் பல ஊர்களை மின்சாரம் நெடுங்காலம் எட்டவில்லை. வால்வுகளால் இயங்கிய வானொலிப் பெட்டிக்குப் பாரமான பற்றறிகள் தேவைப்பட்டன. ஆகவே அஃது எளியோர்க்கு எட்டாத பொருளாயிருந்தது. 1947 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் இந்நிலையை மாற்றியது. சில சிறு பற்றறிகளால் இயங்கும் பெட்டி, வயற்காவற் கொட்டிலுக்கும் துணையாயிற்று. 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடா, குடும்பத்தார் தம் குரலைத் தாமே பதிந்து வைக்கும் வசதியையும் தந்தது. 1979 இல் இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது. 1982 இல் ரூபவாஹினி தொடங்கிற்று. வளர்ச்சி என்பது முன்னோக்கியே செல்லும் என்று எவரும் எண்ணத்தக்க காலம் அது.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் மூண்ட போர் அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் பற்றறியும் கிடைத்தற்கரியன ஆயின. தொலைக்காட்சிப் பெட்டி வீட்டின் மூலையில் வெறும் பெட்டியாய்க் கிடந்தது. ஆனால், செய்தியறியும் தேவையோ முன்னிலும் பெருகிற்று. எவ்விடத்திற் போர் நெருங்குகிறது, எப்பாதை திறந்திருக்கிறது என்பனவற்றை அறிதல் உயிர்காக்கும் காரியமாயிற்று. பி.பி.சி. தமிழோசையும், மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் தமிழ்ப்பணியும் ஆவலுடன் எதிர்பார்க்கப்பட்டன.

அப்பொழுது கைகொடுத்தது துவிச்சக்கரவண்டியின் டைனமோவாகும். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, சில்லோடு உராய்ந்து டைனமோ மின்னை ஆக்கும். இரவில் வழிகாட்டும் விளக்குக்கென அமைந்த அக்கருவி ஏறத்தாழ 6 வோல்ற்று அழுத்தத்தில் 3 வாற்று மின்னைத் தரும். சிறு வானொலிக்கு அது போதும். எனினும், டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவதோ நேரோட்டம். இதனை மாற்றும் டயோட்டும், ஓட்டத்தைச் சமன்செய்யும் கொள்ளளவியும் பழுதடைந்த பழைய பெட்டிகளினுள்ளே இருந்தன. கைவினை அறிந்தோர் அவற்றைக் கழற்றிப் பொருத்தினர். ஒருவர் சில்லைச் சுழற்ற, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். சுழற்றுவோர் கை தளரின் செய்தி வாசிப்போர் குரலும் தளரும். பழைய பெட்டியை எறியாது வைத்திருந்த வீடே உலகச் செய்தியைக் கேட்ட வீடாயிற்று.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தினின்றும் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவருட் பலர் பின்னர் வன்னியை அடைந்தனர். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையையடுத்து ஏ-9 வீதி திறக்கப்பட, புதிய கருவிகள் மீண்டும் வந்தன. 2006 ஆம் ஆண்டு ஓகஸ்டில் அவ்வீதி மீண்டும் மூடுண்டது. 2009 ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிந்தபோது, பல குடும்பங்களிடம் உடுத்த உடையன்றி வேறொன்றும் எஞ்சவில்லை. வானொலியோடு ஒலிநாடாக்களும், அவற்றிற் பதிந்திருந்த முன்னோர் குரலும் மண்ணுள் மறைந்தன.

மீள்குடியேற்றத்தின் பின் மின்சாரம் பரவிற்று. அகன்ற திரையும், ஐந்து ஒலிப்பெட்டிகளும், தாழொலிப் பெட்டியொன்றுங் கொண்ட 'ஹோம் தியேட்டர்' இன்று வன்னி இல்லங்களுக்கும் புதிதன்று. இதனைக் குறைகூறுதல் தகாது; நெடுங்காலம் இருளிலிருந்தோர் ஒளியையும் ஒலியையும் விரும்புதல் இயல்பே. ஆயினும், புதியது வந்தவுடன் பழையதைப் பழைய இரும்பு வணிகருக்கு நிறைக்கு விற்றல் பொருளாதாரத்துக்கும் பொருந்தாது. நல்ல பழைய ஒலிப்பெட்டிகளின் மின்தடை, புதிய கருவி ஏற்கும் 4 முதல் 8 ஓம் எல்லைக்குள் அமையின், அவை முன்பக்க ஒலிப்பெட்டிகளாக இன்றும் பயன்தரும். அவற்றின் கூம்பைச் சூழ்ந்த விளிம்பு சிதைந்திருப்பின் அதனை மாற்றலாம். காந்த ஊசித்தலை கொண்ட இசைத்தட்டுச் சுழலி மிகச் சிறிய மின்குறியையே தருமாதலின், இடையே முன்பெருக்கியொன்று வேண்டும். வால்வு வானொலியை மட்டும், பல்லாண்டு கிடந்தபின் தேர்ந்தவர் சோதியாமல் மின்னிணைப்பிற் பொருத்தலாகாது. அதன் முதிர்ந்த கொள்ளளவிகள் பழுதுற்றுத் தீங்கு விளைத்தல் கூடும். பழுதுபார்க்கப்பட்ட பெட்டியை விரும்பிச் சேர்ப்போர் நல்ல விலை கொடுத்தும் பெறுவர்.

இவ்விலையினும் பெரிதொன்று உண்டு. ஒலிநாடாவும் இசைத்தட்டும் தாமே பேசா. அவற்றைப் பேசச்செய்யும் கருவி வேண்டும். ஓலைச்சுவடியை வாசிக்கக் கண்ணும் பயிற்சியும் போதும். நாடாவைக் கேட்கவோ நாடாப்பெட்டி இன்றியமையாதது. கருவியை விற்றபின் நாடா ஊமையாகும். ஆதலின், விற்பனைக்கு முன்னே நாடாக்களிலுள்ள கூத்தும் கதாப்பிரசங்கமும், தாய் தந்தையர் குரலும் எண்மியப் பதிவாக மாற்றப்படல் வேண்டும். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பிற ஆவணங்களையும் இவ்வாறு காத்துவருதல் இதற்கு நல்வழிகாட்டி.

போர்க்கப்பலின் உறுப்பு வானொலியாயிற்று. படையினரின் கருவி பாட்டுக்குப் பயன்பட்டது. மிதிவண்டியின் விளக்குக்கருவி ஒரு சமுதாயத்தின் செவியாயிற்று. பழையதைப் போற்றுதல் புதியதை வெறுத்தலன்று. எதனைப் புதியதோடு இணைக்கலாம், எதனைத் தக்கார் கையில் ஒப்படைக்கலாம், எதனை விற்குமுன் ஒருமுறை கேட்டுப் பதிந்துகொள்ளவேண்டும் என்று பகுத்தறிதலே அறிவுடைமை. வன்னி மக்கள் தம் வறுமையிலே அவ்வறிவைக் காட்டினர். வளம் வந்தபோதும் அதனைக் கைவிடாதிருத்தல் அவர்தம் வழித்தோன்றல்களின் கடனாம்.