ஒரு வாக்கியத்தின் விலை: சங்கரன் நாயர் வழக்கு

1922ம் ஆண்டு சென்னையில் 'காந்தியும் அராஜகமும்' என்ற தலைப்பில் ஒரு ஆங்கிலப் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் சர் சி. சங்கரன் நாயர். தலைப்பைப் பார்த்தாலே தெரிந்து விடும், இது காந்தியைப் பாராட்டும் புத்தகம் அல்ல. ஒத்துழையாமை இயக்கம் நாட்டைக் கெடுத்து விடும் என்று பக்கம் பக்கமாக வாதாடும் புத்தகம். வெள்ளைக்கார அதிகாரிகள் படித்து மகிழ்ந்திருக்க வேண்டியது. ஆனால் நடுவில் ஓரிடத்தில், போகிற போக்கில், நாயர் ஒன்றைச் சொல்லி வைத்தார். சீர்திருத்தங்கள் வருவதற்கு முன்பு ஒரு லெஃப்டினன்ட் கவர்னர் தனி ஒருவராகவே பஞ்சாபில் நடந்தது போன்ற கொடுமைகளைச் செய்துவிட முடிந்தது என்பதுதான் அதன் சாரம்.

அந்த லெஃப்டினன்ட் கவர்னர் சர் மைக்கேல் ஓ'ட்வையர். அப்போது ஓய்வு பெற்று இங்கிலாந்தில் இருந்தார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நாயர் மறுத்தார். விஷயம் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வது நல்லது. ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ராணுவ அதிகாரி பெயர் டயர். அப்போது பஞ்சாபை ஆண்டு கொண்டிருந்தவர் ஓ'ட்வையர். 1940-ல் லண்டனில் உத்தம் சிங் சுட்டுக் கொன்றது ஓ'ட்வையரைத்தான். டயர் 1927-லேயே நோயில் இறந்து விட்டார். தமிழில் இரண்டு பெயரையும் ஒரே மாதிரி எழுதுவதால் பலர் இருவரையும் ஒருவராகவே நினைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

சங்கரன் நாயர் 1857-ல் மலபாரில் பிறந்தவர். மலபார் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்து, 1880-ல் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஆனார். 1897-ல் அமராவதி காங்கிரசுக்குத் தலைவர். பிறகு அட்வகேட் ஜெனரல், பிறகு நீதிபதி. ஆஷ் கொலை வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் இவரும் ஒருவர். மற்ற இருவரோடு ஒத்துப் போகாமல் தனித் தீர்ப்பு எழுதியவர். 1915-ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினரானார். அந்த சபையில் அன்று இருந்த ஒரே இந்தியர் இவர்தான். பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லி விடுகிற மனிதர். வெள்ளைக்காரர்களுக்கும் இவரைப் பிடிக்கவில்லை, காங்கிரஸ்காரர்களுக்கும் பிற்காலத்தில் பிடிக்கவில்லை.

இனி பஞ்சாபுக்கு வருவோம். 1919 ஏப்ரல் 10 அன்று அமிர்தசரசில் கிச்லு, சத்யபால் என்ற இரு தலைவர்களைக் கைது செய்து ஊரை விட்டு அனுப்பினார்கள். கிச்லு ஒரு பாரிஸ்டர். விடுவிக்கக் கோரிப் போன கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதைத் தொடர்ந்த கலவரத்தில் ஐந்து ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். ஐம்பது துப்பாக்கிகள், சுமார் பத்து நிமிடம், 1650 குண்டுகள். அரசாங்கக் கணக்கில் இறந்தவர்கள் 379 பேர். காங்கிரஸ் விசாரணைக் குழுவின் கணக்கில் சுமார் ஆயிரம். 15-ம் தேதியிலிருந்து ராணுவச் சட்டம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். நடந்தது வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் முதலில் யாரை அடக்க வேண்டும்? பத்திரிகைக்காரர்களையும் வக்கீல்களையும். லாகூர் 'ட்ரிபியூன்' ஆசிரியர் காளிநாத் ராய் சிறைக்கு அனுப்பப்பட்டார். 'பாம்பே கிரானிக்கிள்' ஆசிரியர் ஹார்னிமன் ஆங்கிலேயர். அவரையே இந்தியாவை விட்டுக் கப்பலேற்றினார்கள். ராணுவச் சட்ட நீதிமன்றங்களில் வாதாட வெளி மாகாண வக்கீல்கள் பஞ்சாபுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அமிர்தசரஸ் வக்கீல்களைச் சிறப்புக் காவலர்கள் என்று சொல்லித் தெருவில் நிறுத்தி, பொது இடத்தில் கொடுக்கப்பட்ட கசையடிகளைப் பார்க்க வைத்தார்கள். சட்டம் படித்தவனைச் சட்டமில்லாத இடத்தில் நிற்க வைப்பதே ஒரு தண்டனை என்று நினைத்திருப்பார்கள் போலும்.

டெல்லியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்ட நாயர் 1919 ஜூலையில் பதவியை ராஜினாமா செய்தார். அவருடைய மருமகன் கே.பி.எஸ். மேனன் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். உங்கள் இடத்துக்கு யாரைப் போடலாம் என்று வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்ட் கேட்டாராம். நாயர் வாசலில் நின்ற சேவகனைக் காட்டி, இவன் பார்க்க நன்றாக இருக்கிறான், நீங்கள் சொல்வதற்கெல்லாம் சரி என்பான் என்றாராம்!

அந்த ஆண்டு அக்டோபரில் ஹன்டர் கமிட்டி அமைக்கப்பட்டது. எட்டு பேர், அதில் மூன்று இந்தியர்கள். கமிட்டி சாட்சிகளை விசாரிக்கும் முன்பே, செப்டம்பரில், அதிகாரிகளை வழக்கிலிருந்து காப்பாற்ற ஒரு சட்டம் நிறைவேறி விட்டது. எனவே பலரும் இந்தக் கமிட்டியிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நவம்பரில் லாகூரில் டயர் சாட்சி சொல்ல வந்தார். பம்பாய் வக்கீல் சிமன்லால் செதல்வாட் கேள்வி கேட்டார். சத்தம் போடவில்லை, குற்றம் சாட்டவில்லை. கவச வண்டிகள் உள்ளே போக வழி இருந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டிருப்பீர்களா என்று மட்டும் கேட்டார். அநேகமாகச் சுட்டிருப்பேன் என்றார் டயர். கூட்டத்தைக் கலைப்பது மட்டும் நோக்கமல்ல, பஞ்சாப் முழுவதற்கும் ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்று நினைத்ததையும் அவரே ஒப்புக் கொண்டார். காயம்பட்டவர்களைக் கவனிப்பது தன் வேலை இல்லை என்றார். எதிரிகள் நூறு கட்டுரை எழுதியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க முடியாது. சரியான கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு வக்கீல் செய்த காரியம் இது.

கமிட்டிக்குள் ஹன்டருக்கும் செதல்வாட்டுக்கும் பேச்சு வார்த்தையே நின்று போனது. அறிக்கையும் இரண்டாகத்தான் வந்தது. காந்தி, சி.ஆர். தாஸ், ஜெயகர், அப்பாஸ் தயாப்ஜி ஆகியோர் காங்கிரஸ் சார்பில் தனியாக விசாரித்து 1920 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார்கள். நால்வருமே சட்டம் படித்தவர்கள். டயர் பதவி விலக வேண்டி வந்தது. ஆனால் எந்த நீதிமன்றத்திலும் அவர் மீது வழக்கு இல்லை. லண்டனில் ஒரு பத்திரிகை அவருக்காக நிதி திரட்டி 26,000 பவுனுக்கு மேல் கொடுத்தது.

இந்தப் பின்னணியில்தான் 1924 ஏப்ரல் 30 அன்று ஓ'ட்வையர் வழக்கு தொடங்கியது. அவதூறு வழக்கில் ஒரு விசித்திரம் உண்டு. எழுதியது உண்மை என்று பிரதிவாதி சொன்னால் அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. அதாவது, குண்டு சுட்டவர்களோ உத்தரவு போட்டவர்களோ எதையும் நிரூபிக்க வேண்டாம். பஞ்சாபில் கொடுமை நடந்தது, அதற்கு ஓ'ட்வையர்தான் காரணம் என்று நாயர்தான் லண்டன் ஜூரிக்கு முன்னால் நிரூபிக்க வேண்டும். சாட்சிகள் எங்கே? ஆறாயிரம் மைலுக்கு அப்பால். அவர்களுடைய வாக்குமூலங்களை இந்தியாவிலேயே பதிவு செய்து, தாளில் எழுதி, லண்டனில் வாசித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் ஓ'ட்வையரும் முன்னாள் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டும் நேரிலேயே கூண்டில் ஏறினார்கள். பஞ்சாப் விவசாயியின் வாக்குமூலம் வாசிக்கப்படும்போது ஜூரிகள் கொட்டாவி விட்டிருந்தாலும் ஆச்சரியப்பட முடியாது.

நாயருக்காக வாதாடியவர் சர் வால்டர் ஷ்வாப். சற்று முன்பு வரை சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். ஆனால் நீதிபதி மெக்கார்டி ஆரம்பத்திலிருந்தே எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து ஜூரிகளுக்கு வழக்கைத் தொகுத்துச் சொல்லும்போது, டயர் செய்தது சரி, அவரை இந்தியா மந்திரி தண்டித்ததுதான் தவறு என்று சொன்னார். டயர் இந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை! நாலு வருடம் முன்பு அரசாங்கமே தப்பு என்று சொன்னதை, ஒரு நீதிபதி போகிற போக்கில் சரி என்று ஆக்கி விட்டார்.

ஜூரிகள் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் ஓ'ட்வையர் பக்கம். ஒத்துக் கொள்ளாத ஒருவர் ஹெரால்டு லாஸ்கி, லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தியவர். பெரும்பான்மை முடிவை ஏற்க இரு தரப்பும் சம்மதித்ததால் தீர்ப்பு ஓ'ட்வையருக்குப் போனது. நஷ்டஈடு 500 பவுன், செலவு சுமார் 7,000 பவுன். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். நஷ்டஈட்டை விட செலவு பதினான்கு மடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மையைச் சொல்பவனைப் பயமுறுத்த தண்டனை தேவையில்லை, வழக்குச் செலவே போதும்.

மன்னிப்புக் கேட்டால் பணம் வேண்டாம் என்றார் ஓ'ட்வையர். நாயர் பணத்தைக் கட்டினார். மறு விசாரணை கேட்கலாமே என்றவர்களிடம், வேறு பன்னிரண்டு ஆங்கிலேயக் கடைக்காரர்கள் மட்டும் வேறு மாதிரி சொல்லி விடுவார்களா என்று கேட்டதாகச் சொல்கிறார்கள்.

மெக்கார்டியின் பேச்சு பாராளுமன்றம் வரை போனது. அவரை நீக்க வேண்டும் என்று லான்ஸ்பரி தீர்மானம் கொண்டு வந்தார். பிரதமர் ராம்சே மெக்டொனால்ட், 1920-ல் எடுத்த முடிவில் மாற்றமில்லை என்று சொன்னதோடு சரி. இந்தியாவில் எழுந்த கோபம் வேறு. அதுவரை ஆங்கிலேய நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்கும் என்று நம்பிக் கொண்டிருந்த மிதவாதிகளுக்குத்தான் பெரிய அடி. நாயரும் ஒரு மிதவாதிதான். காந்தி சொன்னதை மறுக்க எழுதிய புத்தகத்தால் வந்த வழக்கு, கடைசியில் காந்தி சொன்னதற்கே சாட்சியாகி விட்டது.

நாயர் 1934-ல் இறந்தார். 2025-ல் அவரைப் பற்றி 'கேசரி சாப்டர் 2' என்று ஒரு இந்திப் படம் வந்தது, அக்ஷய் குமார் நாயராக நடித்தார். படத்தில் இந்தியாவிலேயே ஒரு நீதிமன்றத்தில் டயரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறார் நாயர். அப்படி ஒரு வழக்கு நடக்கவே இல்லை. டயரைக் கேள்வி கேட்டது செதல்வாட், அதுவும் ஒரு கமிட்டி அறையில். நாயர் நின்றது லண்டனில், பிரதிவாதியாக. தோற்றது பதினொன்றுக்கு ஒன்று.