எல்லைப்புற ஊர்களில் இடைக்காலப் புனிதர் பெயர்களும் திருநாள்களும்

நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலையும் அதனை அடுத்த ஊர்களும் தமிழும் மலையாளமும் நெடுங்காலமாக உறவாடி வந்த நிலப்பகுதியாகும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இவ்வெல்லையின் இருபுறத்தும் வாழும் இலத்தீன் வழிபாட்டு முறையினர் போற்றும் இடைக்காலப் புனிதர்களின் பெயர்கள் மொழியியல் நோக்கில் ஆராயத்தக்கன.

1544-இல் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் சமயப் பணியாற்றினார். அவர்காலம் தொட்டு வந்த மறைப்பணியாளர் வழியாக ஐரோப்பியப் புனிதர் வழிபாடு இங்கு வேரூன்றியது. லிஸ்பனில் பிறந்து 1231 ஜூன் 13-இல் பதுவை அருகே மறைந்த அந்தோனியார் அவர்களுள் பரவலாக அறியப்பட்டவர். அவர் அடக்கம் செய்யப்பட்டது செவ்வாய்க்கிழமை. ஆகவே அக்கிழமை அவருக்குரியதாயிற்று. தமிழ் உயர்வுப்பன்மை விகுதி சேர்த்து 'அந்தோனியார்' என்கிறது. மலையாளம் இலத்தீன் ஈற்றொலியைக் காத்து 'அந்தோணீஸ்' என்கிறது.

பிரான்சு நாட்டு மோம்பெலியே நகரத்தாரான ரோக்கு அத்துணை அறியப்படாதவர். பதினான்காம் நூற்றாண்டில் கொள்ளைநோயுற்றோரைப் பேணியவர் என்பது மரபு. திருநாள் ஆகஸ்டு 16. கொல்லம் ஆண்டுக் கணக்கில் அது கர்க்கடகம் முடிந்து சிங்கம் பிறக்கும் வேளை. மலையாளத்தில் இவர் 'ரோக்கி', தமிழில் 'ஆரோக்கியநாதர்'. இது வெறும் ஒலிபெயர்ப்பும் அன்று, மொழிபெயர்ப்பும் அன்று. 'ரோக்கு' என்னும் ஒலி 'ஆரோக்கியம்' என்னும் சொல்லுள் அடங்க, நோய் தீர்ப்பவர் என்னும் பொருளும் உடன் பொருந்தியது. ஒலியும் பொருளும் ஒருங்கியைந்த ஆக்கம் இது. இவ்விரு பெயரும் ஒருவரையே குறிப்பன என்பதை அறியாதார் இரு புனிதர் எனக் கொள்ளவும் கூடும்.

திருச்சபை எல்லையும் அரசியல் எல்லையும் ஒன்றல்ல. கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து 1930-இல் கோட்டாறும் 1937-இல் திருவனந்தபுரமும் பிரிந்தன. பின்னதிலிருந்து 1996-இல் நெய்யாற்றின்கரை பிரிந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கடற்கரை ஊர்களோ இன்றும் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்தவை.

எனவே, ஒரு பெயர் வடிவை மட்டும் சான்றாகக் கொண்டு ஓர் ஊரின் மொழியை முடிவு செய்தல் பொருந்தாது. பள்ளியிலும் பதிவேட்டிலும் ஒருமொழி வடிவே நிலைபெறுமாயின், வாய்வழக்கில் உள்ள மற்றொரு வடிவு சுவடின்றி மறையும். இருவடிவும் வழங்கும் இக்காலத்திலேயே, முதியோர் வழக்கை ஊர்தோறும் திரட்டி வைத்தல் மொழி வரலாற்றுக்கு இன்றியமையாதது.