திருச்சிராப்பள்ளித் தொண்டு நிறுவனங்களும் திட்டமிடல் பயிற்சியும்

தொண்டு நிறுவனங்களின் பணியாளர்களுக்கு வளர்ச்சித் திட்டங்களை வடிவமைக்கக் கற்பிக்கும் பயிற்சி, தமிழகத்தில் 1980களுக்குப் பின் பரவலாகியது. நிதி கோரும் விண்ணப்பத்தை எழுதக் கற்பதும், ஊருடன் அமர்ந்து திட்டத்தை உருவாக்கக் கற்பதும் அப்பயிற்சியின் இரு பக்கங்கள். இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளியைத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கழிப்பறைத் திட்டங்களின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

பின்னணி

ஊர்ப்பணிக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கும் மரபு தமிழகத்தில் பழையது. டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947ல் தொடங்கிய காந்திகிராமத்தில் 1956 முதல் கிராமியக் கல்வி நிறுவனம் செயல்பட்டது. சென்னை சமூகப்பணிப் பள்ளி 1952ல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் உருவானது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று மத்திய அரசின் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அத்திட்டத்தின் கிராம சேவகர்கள் உரம், விதை, சுகாதாரம் என்று பலவற்றிலும் பயிற்சி பெற்றனர். ஆனால் இலக்குகள் மேலிருந்து வந்தன. வந்த திட்டத்தை ஊருக்குக் கொண்டு சேர்ப்பதே பெரும்பாலும் களப்பணியாளரின் வேலையாக இருந்தது.

இரண்டு முறைகள்

பிற்காலத்தில் தொண்டு நிறுவனங்களின் பயிற்சி அறைக்குள் இரண்டு முறைகள் வந்துசேர்ந்தன.

முதலாவது, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்காக 1969ல் உருவாக்கப்பட்ட தர்க்கச் சட்டகம். களப்பணியாளர்கள் இதை 'லாக்ஃபிரேம்' என்றே சொல்கிறார்கள். இது நான்கு வரிசையும் நான்கு பத்தியும் கொண்ட ஓர் அட்டவணை. நெடுநோக்கு, உடனடி நோக்கம், விளைவு, செயல்பாடு ஆகியவை வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் விளக்கம், அளக்கும் குறியீடு, அதைச் சரிபார்க்கும் சான்று, அது எந்த அனுமானத்தை நம்பியிருக்கிறது என்பவை பத்திகள். ஜெர்மனியின் தொழில்நுட்ப உதவி நிறுவனம் 1983ல் இதனுடன் பிரச்சினை மரம் வரையும் முறையைச் சேர்த்து விரிவாக்கியது. நிதி கொடுக்கும் நிறுவனங்கள் பலவும் இவ்வட்டவணையைக் கேட்கத் தொடங்கியபோது, அதை நிரப்பத் தெரிந்தவர் தேவைப்பட்டார்.

இரண்டாவது, 1980களின் இறுதியில் இந்தியாவில் வேரூன்றிய பங்கேற்பு ஊரக மதிப்பீடு. குஜராத்தில் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டமும் தென்னிந்தியாவில் மைராடாவும் இதைத் தொடக்கத்திலேயே கையாண்டன. இங்கிலாந்தின் ராபர்ட் சேம்பர்ஸ் இதை உலகெங்கும் எடுத்துச் சென்றார். இம்முறையில் ஊர்க்காரர்களே தரையில் கோலமாவாலும் கூழாங்கற்களாலும் தங்கள் ஊர் வரைபடத்தைப் போடுவார்கள். எந்த வீட்டில் என்ன வசதி, எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும், யார் எங்கே ஒதுங்குகிறார்கள் என்பதெல்லாம் தரையிலேயே தெரியும். பணியாளர் கேட்கவும் குறிக்கவும் மட்டும் செய்வார். பேசாமல் இருக்கப் பழகுவதே இப்பயிற்சியின் கடினமான பாடம்.

திருச்சிராப்பள்ளியில்

எம். சுப்புராமனின் ஸ்கோப் நிறுவனம் 1986லும் எஸ். தாமோதரனின் கிராமாலயா 1987லும் திருச்சியில் தொடங்கப்பட்டன. 1994ல் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் இணைந்து மாநகராட்சி உருவானது. ஆற்றின் இரு பக்கத்துக் குடிசைப் பகுதிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன.

குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகள் அன்றிருந்த நிலை பலருக்கும் நினைவிருக்கும். கட்டடம் இருக்கும், தண்ணீர், விளக்கு, கதவு இருக்காது. கட்டி முடிப்பதோடு திட்டமும் முடிந்தது. யார் கழுவுவது, மோட்டார் பழுதானால் யார் பணம் கொடுப்பது, இரவில் பெண்கள் வரும்போது யார் காவல் இருப்பது என்பவை திட்ட அறிக்கையில் இடம்பெறவில்லை.

வாட்டர் எய்டின் ஆதரவுடன் கிராமாலயா, ஸ்கோப், செவை ஆகிய நிறுவனங்கள் மாநகராட்சியுடன் சேர்ந்து இவ்விடைவெளியை நிரப்பின. கழிப்பறைகளின் பொறுப்பு அந்தந்தப் பகுதிப் பெண்களின் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டது. வாசலில் அமரும் பெண் பயன்படுத்துவோரிடம் சிறு கட்டணம் வாங்கிக் கணக்கில் எழுதினார். அப்பணத்தில் துப்புரவுப் பொருளும் ஊதியமும் பராமரிப்பும் நடந்தன. திருச்சியின் கல்மந்தை 2002ல் திறந்தவெளி மலங்கழித்தல் இல்லாத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2003ல் மாவட்டத்தின் தாண்டவம்பட்டி கிராமம் அந்நிலையை எட்டியது. இந்தியாவில் இவ்வாறு அறிவிக்கப்பட்டவற்றில் இவை முதலாவன என்று கிராமாலயா பதிவுசெய்துள்ளது.

இங்கே திட்டத்தின் அலகே மாறியது. 'கட்டிய கழிப்பறை' என்பது போய் 'நாள்தோறும் பயன்படும் கழிப்பறை' ஆனது. முதலாவதை அளக்கப் பொறியாளரின் சான்று போதும். இரண்டாவதை அளக்க வாசலில் இருக்கும் கணக்கு நோட்டு வேண்டும்.

முசிறியின் பாடம்

லாக்ஃபிரேமின் கடைசிப் பத்தியான அனுமானம், பயிற்சிகளில் பலரும் அவசரமாக நிரப்பும் பகுதி. அதன் பொருளைக் காவிரிக் கரை விளக்கியது. அரசுத் திட்டங்கள் பரிந்துரைத்த குழிக் கழிப்பறைக்கு, நிலத்தடி நீர் போதிய ஆழத்தில் இருக்கவேண்டும். முசிறி போன்ற ஆற்றங்கரை ஊர்களில் நீர்மட்டம் மேலே இருப்பதால் குழியின் கழிவு குடிநீரில் கலக்க வாய்ப்புண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக உள்ள ஸ்ரீரங்கத்திலும் எந்தத் திட்டமும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

ஸ்கோப் 2006ல் முசிறியில் அமைத்த சமூகக் கழிப்பறை, மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரிக்கும் எக்கோசான் வகை. மலம் உலர்ந்து எருவாகும், சிறுநீர் உரமாகும். பின்னர் இக்கழிப்பறையைப் பயன்படுத்துவோருக்கே ஒரு முறைக்கு 10 காசு கொடுக்கப்பட்டதால் இது செய்தியானது. செய்தியில் அதிகம் பேசப்படாதது, ஒரு பொது வடிவத்தை ஊரின் மண்ணோடும் நீரோடும் ஒப்பிட்டு மறுக்கும் துணிவு அத்திட்டத்தில் இருந்தது என்பதே.

சுப்புராமனுக்கு 2021லும் தாமோதரனுக்கு 2022லும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கிராமாலயா தொட்டியம் பகுதியில் பலவகைக் கழிப்பறை மாதிரிகளுடன் ஒரு பயிற்சி மையத்தை நடத்தியது. புத்தகத்தில் படித்த வடிவத்தை நேரில் பார்த்து ஒப்பிட அது வழிசெய்தது.

விமர்சனங்கள்

திட்டமிடல் பயிற்சி மீதான முதன்மையான குறை மொழி சார்ந்தது. ஊர்க்கூட்டம் தமிழில் நடக்கிறது. நிதிக்கான விண்ணப்பம் ஆங்கிலத்தில் போகிறது. இதனால் ஊரை நன்கு அறிந்த களப்பணியாளர் பின்னுக்குப் போய், ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் திட்டத்தின் ஆசிரியர் ஆகிவிடுகிறார். இரண்டாவது குறை காலம் பற்றியது. நிதி சில ஆண்டுகளில் முடியும். ஊரின் பழக்கம் மாற அதைவிட நீண்ட காலம் ஆகும். மூன்றாவது, கோலமாவு வரைபடமே ஒரு சடங்காக மாறியது. முன்பே முடிவான திட்டத்துக்கு ஊரின் ஒப்புதலைக் காட்டும் புகைப்படமாக அது பயன்பட்ட இடங்களும் உண்டு.

2020ல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெற்ற வெளிநாட்டு நிதியைப் பிற நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டது. பெரிய நிறுவனங்களிடமிருந்து அந்நிதியைப் பெற்றுவந்த சிறிய நிறுவனங்களுக்கு அவ்வழி அடைபட்டது. அவை நேரடியாக விண்ணப்பிக்கவேண்டிய நிலையில், திட்டம் எழுதும் திறன் அவற்றின் இருப்போடு தொடர்புடையதாகிவிட்டது.

மதிப்பீடு

லாக்ஃபிரேம் இல்லாமல் பணம் எதற்குச் செலவானது என்று கேட்க முடியாது. ஊர்க்கூட்டம் இல்லாமல் அந்தச் செலவு தேவைதானா என்று கேட்க முடியாது. திருச்சிராப்பள்ளியில் நிலைத்த திட்டங்கள் இரண்டு கேள்விகளையும் கட்டுமானத்துக்கு முன்பே கேட்டவை. திட்டம் முடிந்து நிறுவனம் வெளியேறிய மறுநாள் காலையில் கழிப்பறையை யார் திறப்பார் என்பதற்கு, ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல முடிவதே திட்டமிடலின் எளிய சோதனை.