பென் டென்னுக்குக் கதை எழுதியவர்

2010ன்னு நினைக்கிறேன். புனேயில் இருந்தோம். பையனுக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடத்துல மாறுவேடப் போட்டி. பச்சை ஜாக்கெட், கையில ஆம்னிட்ரிக்ஸ் வாட்ச்னு பென் டென்னாவே கிளம்பிப் போனான். திரும்பி வந்ததும் வாட்சைக் கழற்றி அலமாரிக்குள்ள போட்டுட்டான். "பென் வெள்ளையா இருப்பான், நீ கறுப்பு"ன்னு கூடப் படிக்கிற பசங்க சொன்னாங்களாம். எனக்கு வாயே வரலை.

பல வருஷம் கழிச்சுத்தான் டுவெய்ன் மெக்டஃபி பற்றிப் படிச்சேன். பென் டென்னை முதலில் உருவாக்கியது வேறொரு குழு. ஆனா அன்னிக்கு எங்க வீட்டுல ஓடிக்கிட்டிருந்த 'ஏலியன் ஃபோர்ஸ்' தொடரோட கதைப் பொறுப்பு இவர்கிட்ட இருந்தது. இவர் ஒரு கறுப்பின அமெரிக்கர்.

1962ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்துல இயற்பியலில் முதுகலை முடிச்சுட்டு, 1987ல் மார்வெல் நிறுவனத்துல உதவி ஆசிரியரா சேர்ந்தார். அங்கே ஒரு விஷயம் அவர் கண்ணை உறுத்தியது. இருந்த கறுப்பின நாயகர்களே கொஞ்சம் பேர். அதில் கால்வாசிப் பேர் ஸ்கேட்போர்டில் வந்தாங்க! 1989ல் அதையே கிண்டல் பண்ணி, ஒரு புதுத் தொடருக்கான யோசனை மாதிரி எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்பினார்.

கிண்டலோட நிற்கலை. 1993ல் டெனிஸ் கோவன், மைக்கேல் டேவிஸ், டெரிக் டிங்கிள் ஆகியோரோட சேர்ந்து மைல்ஸ்டோன் மீடியாவை ஆரம்பிச்சார். புத்தகத்தை அச்சிட்டு விற்றது டிசி காமிக்ஸ். ஆனா கதாபாத்திரங்களின் உரிமை மைல்ஸ்டோனிடமே இருந்தது. கறுப்பின நாயகர் ஒருத்தர் மட்டும் இருந்தா, அந்த இனத்துக்கே அவர்தான் அடையாளம்னு ஆகிடும். அதனால நல்லவன், கெட்டவன், கோபக்காரன், பணக்காரன்னு பலரைப் படைச்சாங்க. அதில் ஒருத்தன் ஸ்டாட்டிக். பெயர் வெர்ஜில் ஹாக்கின்ஸ், மின்காந்த சக்தி உள்ள பள்ளிக்கூடப் பையன். நிறத்தைக் காரணம் காட்டி 1949ல் ஃபுளோரிடா சட்டக் கல்லூரி சேர்த்துக்கொள்ள மறுத்த ஒருவரின் பெயர் அது.

காமிக்ஸ் 1997ல் நின்னுபோச்சு. ஆனா 2000ல் ஸ்டாட்டிக் தொலைக்காட்சிக்கு வந்தான், 2004 வரை ஓடினான். பள்ளியில் துப்பாக்கி பற்றிய ஒரு பகுதிக்காக மெக்டஃபியும் ஆலன் பர்னெட்டும் 2003ல் ஹியூமானிடாஸ் விருது வாங்கினாங்க. அப்புறம் ஜஸ்டிஸ் லீக், பென் டென்.

49வது பிறந்தநாளுக்கு மறுநாள், 2011 பிப்ரவரி 21 அன்று, இதய அறுவை சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கலால் இறந்துட்டார். அவர் திரைக்கதை எழுதிய 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' வெளியானது அதற்கு அடுத்த நாள்.

பையன் இப்போ வேலைக்குப் போறான். போன வாரம் போனில் இதெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "அந்த வாட்ச் இன்னும் இருக்காப்பா?"ன்னு கேட்டான்.

இருக்கு. நாலு வீடு மாறியும் அவங்க அம்மா தூக்கிப் போடலை.