தொட்டிலும் தெருநாடகமும்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலக்காய் மூட்டைகள் மதுரைக்குப் போகும் வழியில் வரும் ஊர் உசிலம்பட்டி. 1980-களின் நடுவில் பத்திரிகைகள் இந்த ஊர்ப் பெயரைப் பெண் சிசுக்கொலையோடு சேர்த்தே எழுதின. எருக்கம்பாலும் நெல்மணியும் அப்போதுதான் நாடு முழுக்கத் தெரிந்தன. பழி என்னவோ ஓர் ஊரின் தலையில் விழுந்தது. சேலம், தருமபுரி, தேனிப் பக்கங்களிலும் இதே கதைதான்!

1992-ல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-ல் அது தேனி, மதுரை, திண்டுக்கல், ஈரோடு, தருமபுரிக்கும் வந்தது. தொட்டில் குழந்தையின் உயிரைக் காப்பாற்றும், சரி. ஆனால் பெண் பெற்றதற்காக மருமகளை ஏசும் வீட்டுக்குள் அது நுழையாதே?

அந்த வீட்டுக்குள் நுழையப் பார்த்தவை நாடகமும் சினிமாவும். தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 1994-ல் இதே கொடுமையை 'கருத்தம்மா'வாக எடுத்தார்; குடும்ப நலப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. 1990-களின் இறுதியில் தருமபுரி கிராமங்களில் கலைப்பயணம் நடந்தது. போலீஸ் வந்தால் கதவைச் சாத்தும் ஊர், நாடகம் என்றால் பாயை விரித்து உட்காரும். மாமியார்களும் அந்தக் கூட்டத்தில்தானே இருப்பார்கள்!

2001 கணக்கெடுப்பில் சேலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான். 2011-ல் அது 900-ஐத் தாண்டியது. ஆனால் இதற்கிடையே கொலையின் ஒரு பகுதி ஸ்கேன் அறைக்கு இடம் மாறியிருந்தது. கருவின் பாலினம் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது.