உள்நகர்ப் பள்ளிச் சிறாரும் வீட்டு மொழியும்

அமெரிக்கப் பெருநகரங்களில், வசதி படைத்தோர் பலர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்த பின்னர் ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த பழைய பகுதிகளை ‘உள்நகர்’ என வழங்குவர். 1960களில் அப்பகுதிப் பள்ளிகளில் பயின்ற சிறார் பலர் வாசிப்பில் பெரிதும் பின்தங்கியிருந்தனர். அதற்குரிய காரணத்தைக் கல்வியாளர் முதலில் எங்கே தேடினர், பின்னர் எங்கே கண்டனர் என்பதே இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அக்காலத்தே மேலோங்கி நின்றது குறைபாட்டுக் கொள்கை. ஏழைச் சிறார் வீட்டில் போதிய மொழிப் பயிற்சியின்றி வளர்கின்றனர். ஆதலின் மொழியற்றவர் போலவே பள்ளிக்கு வருகின்றனர் என்பது அதன் சாரம். 1966இல் கார்ல் பெரைட்டரும் சீக்ஃபிரீட் எங்கல்மனும் வெளியிட்ட நூல் இக்கருத்தை வலியுறுத்திற்று. அச்சிறார் முன்னேற வேண்டும் என்பதே அவர்தம் விழைவும் ஆகும். எனினும், ‘அணில் எங்கே?’ என வினவும்போது ‘மரத்தில்’ என்று மட்டும் விடையிறுத்தல் அவர்கள் நோக்கில் குறையுடைய பேச்சாயிற்று. கற்றோரும் அவ்வாறுதானே விடை கூறுகின்றனர்? அவ்விடை, குழந்தை வினாவைப் புரிந்துகொண்டமைக்கே சான்று என மறுத்தவர் மொழியியலறிஞர் வில்லியம் லபாவ்.

லபாவும் அவர்தம் குழுவினரும் 1960களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் கள ஆய்வு மேற்கொண்டனர். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை, ஹார்லமிலேயே வளர்ந்த கறுப்பினத்தவரான கிளாரன்ஸ் ராபின்ஸ் நேர்காணல் செய்தார். சிறுவன் ஓரிரு சொற்களுக்கு மேல் பேசவில்லை. அடுத்த முறை ராபின்ஸ் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றைக் கொண்டுசென்றார். சிறுவனின் நெருங்கிய தோழனையும் உடன் அழைத்தார். தரையில் அமர்ந்து உரையாடினார். அதே சிறுவன் தோழனோடு போட்டியிட்டுப் பேசலானான். நேர்காணலும் ஒருவகைத் தேர்வே என்பதும், அச்சிறுவனின் மௌனம் அந்தச் சூழலின் விளைவு என்பதும் இதனால் விளங்கின. 1969இல் வெளிவந்த கட்டுரையிலும் 1972இல் வெளிவந்த நூலிலும் லபாவ் இவற்றை விரித்துரைத்தார்.

அச்சிறாரின் ஆங்கிலம் தனக்கெனத் திட்டமான இலக்கணம் உடையது. ‘ஹி ஈஸ் மை பிரதர்’ எனப் பள்ளி எதிர்பார்க்கும் இடத்தில் அவர்கள் ‘ஹி மை பிரதர்’ என்பர். தமிழர்க்கு இதில் வியப்பில்லை; ‘அவன் என் தம்பி’ என்பதிலும் வினைச்சொல் இல்லை. நம் மொழியில் இலக்கணமாக நிற்பதை, அச்சிறார் வாயில் வந்தபோது பிழை எனக் கருதினர்.

இவ்வறிவு நீதிமன்றத்தையும் எட்டியது. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் உள்நகர் அன்று, பல்கலைக்கழக நகர். அங்கு வசதியானோர் மிகுந்த ஒரு தொடக்கப்பள்ளியில் பயின்ற ஏழைக் கறுப்பினச் சிறார் சிலர், கற்றல் குறைபாடுடையோர் என முத்திரையிடப்பட்டனர். அவர்கள் சார்பில் 1977இல் வழக்குத் தொடரப்பட்டது. மொழியியலறிஞர் ஜெனீவா ஸ்மிதர்மன் அதில் முதன்மை வல்லுநராக நின்றார். இளமையில் ஆசிரியத் தகுதிக்கான பேச்சுத் தேர்வில் தம் உச்சரிப்புக் காரணமாகத் தோல்வியுற்று, பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர் அவர். 1979 ஜூலையில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர், 1974ஆம் ஆண்டின் சமக் கல்வி வாய்ப்புச் சட்டத்தின்படி தீர்ப்பளித்தார். அச்சிறார் பேசும் மொழியை அடையாளங்காணவும், அவ்வறிவைக் கொண்டு பொது ஆங்கில வாசிப்பைக் கற்பிக்கவும் ஆசிரியர்க்கு உதவும் திட்டத்தை வகுக்குமாறு கல்வி வாரியத்துக்கு ஆணையிட்டார்.

இத்தீர்ப்பை நாம் பிறழ உணர்தலாகாது. வீட்டு மொழியைப் பள்ளி மொழியாக்குமாறு அது கூறவில்லை. உயர்கல்விக்கும் பணிக்கும் பொது ஆங்கிலம் இன்றியமையாதது; அதனை ஏழைச் சிறார்க்கு மறுப்பதும் அநீதியே. அங்குச் செல்லும் வழியை, சிறார் நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே தீர்ப்பின் கருத்து. அதற்கு முதலில் கற்க வேண்டியவர் ஆசிரியர்.

எனினும், மொழியறிவு மட்டும் போதும் எனக் கொள்ளுதலும் பொருந்தாது. வாசிப்புத் தோல்விக்கு இலக்கண வேறுபாட்டினும், பள்ளிக்கும் சிறார் சமூகத்துக்கும் இடையிலான முரண்பாடே பெருங்காரணம் என லபாவே எழுதியுள்ளார்.

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. நம் சூழல் வேறு. ஆயினும் வினா ஒன்றே. வீட்டுத் தமிழில் விடை கூறும் சிறுமியை, அவள் கூறிய பொருளைச் செவிமடுக்கும் முன்னரே நாம் திருத்துகின்றோமா? எழுத்துத் தமிழை அவளுக்குக் கட்டாயம் கற்பிப்போம். அதற்குமுன் அவள் சொல்ல வந்ததை முழுமையாகக் கேட்போம்.