யார் கையில் அளவுகோல்: கலிபோர்னியாவில் கல்லூரி மாறுதலின் வரலாறு

சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் முடிப்பது இன்று அமெரிக்காவில் வசதி குறைந்த குடும்பங்களின் வழியாக அறியப்படுகிறது. அந்த வழியை முதலில் வகுத்தவர்களின் நோக்கம் வேறு. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், ஆராய்ச்சியே பல்கலைக்கழகத்தின் தலையாய பணி என்று கருதினார். தொடக்கப் பாடங்களின் சுமையை வேறு நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்று விரும்பினார். அவரது தூண்டுதலோடு 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரின் உயர்நிலைப் பள்ளியில், இன்றைய சமுதாயக் கல்லூரியின் முன்னோடியான முதல் அரசு ஜூனியர் கல்லூரி உருவானது.

கலிபோர்னியாவில் இதே எண்ணத்தைப் பரப்பியவர்கள் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தின் அலெக்சிஸ் லாங்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்டார் ஜோர்டானும். உயர்நிலைப் பள்ளிகளே கல்லூரிப் பாடங்களை நடத்தலாம் என்று 1907இல் சட்டம் வந்தது. 1910இல் ஃபிரெஸ்னோ அதைப் பயன்படுத்திக்கொண்டது. வேளாண் பள்ளத்தாக்கின் நடுவே இருந்த அவ்வூர் மக்களுக்கு ஆராய்ச்சியைப் பற்றிய கவலை இல்லை. தொலைதூரப் பெர்க்லிக்குப் பிள்ளைகளை அனுப்பாமல் வீட்டிலிருந்தே படிக்கவைக்க முடிந்தது என்பதே அவர்களுக்குப் பெரிது. ஆகவே முதல் நாளிலிருந்தே இந்தக் கல்லூரிகளுக்கு இரண்டு வேலைகள் இருந்தன: பல்கலைக்கழகத்தின் வாசலில் கூட்டத்தைக் குறைப்பது, அதே வாசலுக்கு மாணவரை அழைத்துச் செல்வது. பின்னர் எழுந்த சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம் இந்த இரட்டை வேலையைச் சட்டத்தின் வடிவத்துக்குள் கொண்டுவந்தது. பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய அத்திட்டத்தின்படி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பள்ளி முடிப்பவர்களில் முதல் 12.5 விழுக்காட்டினரிலிருந்தும், மாநிலக் கல்லூரிகள் முதல் 33.3 விழுக்காட்டினரிலிருந்தும் மாணவரைத் தேர்ந்தெடுக்கும். ஜூனியர் கல்லூரி எல்லோருக்கும் திறந்திருக்கும். தேர்வு வரம்பு முன்பைவிட இறுகியதால், அதற்கு ஈடாக மாறுதல் வழி அகலமாக வேண்டியிருந்தது. அதனால் இளங்கலை மாணவரில் 60 விழுக்காட்டினர் கடைசி இரண்டு ஆண்டுகளில் படிப்பவர்களாக இருக்கும்படி இடம் ஒதுக்கச் சொன்னது திட்டம். துணிச்சலான ஏற்பாடு அது. ஆனால் மாணவர் முன்பு படித்த எந்தப் பாடத்தைப் பட்டக் கணக்கில் சேர்த்துக் கிரெடிட் கொடுப்பது என்ற அதிகாரம் சேர்த்துக்கொள்ளும் வளாகத்திடமே தங்கிவிட்டது.

அதே 1960இல் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், சான் ஹோசேயின் ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்து கசப்பான ஓர் உண்மையை வெளியிட்டார். பட்டக் கனவோடு வருபவர்களில் பலரை, தகுதித் தேர்வும் ஆலோசகரின் பேச்சும் மெல்ல மெல்லத் தொழிற்பாடங்களின் பக்கம் திருப்பிவிடுகின்றன. மாணவரோ அதைத் தன் சொந்த முடிவாகவே ஏற்றுக்கொள்கிறார். கலிபோர்னியாவில் அந்தத் தகுதித் தேர்வின் பிடி 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தளர்ந்தது. பட்டக் கணக்கில் சேராத அடிப்படைக் கணித வகுப்புகளில் எத்தனை மாணவரின் ஆண்டுகள் அதுவரை கரைந்திருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

பெருந்திட்டம் விட்டுவைத்த கிரெடிட் சிக்கலுக்குத் தீர்வுகள் ஒவ்வொன்றாக வந்தன. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று காட்டும் ‘அசிஸ்ட்’ தரவுத்தளம் 1985இல் தொடங்கியது. 1991இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரிகளிலிருந்து வளர்ந்த மாநிலப் பல்கலைக்கழகம் ஆகிய இரு அமைப்புகளும் ஏற்கும் பொதுப்பாடத் தொகுப்பு வந்தது. உண்மையான திருப்பம் 2010ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, சமுதாயக் கல்லூரியில் 60 கிரெடிட்டில் மாறுதலுக்கான இணைப்பட்டம் பெற்றவரை மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு மூன்றாம் ஆண்டில் சேர்த்தாக வேண்டும். 120 கிரெடிட் கொண்ட பட்டத்துக்கு அவரிடம் இன்னும் 60 கிரெடிட்டுக்கு மேல் கேட்கக் கூடாது. பெருந்திட்டம் அளித்த வாக்கு இப்படி மாணவர் உரிமையோடு கேட்கக்கூடிய ஒன்றாக மாற 50 ஆண்டுகள் ஆயின. அப்போதும் விரும்பிய வளாகத்துக்கு உறுதி கிடைக்கவில்லை. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சல்சும் அடங்கிய கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை அச்சட்டம் கட்டுப்படுத்தவும் இல்லை.

2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, இரு அமைப்புகளுக்கும் ஒரே பொதுப்பாடத் திட்டம் 2025 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கோ உயிரியலுக்கோ மாற விரும்பும் மாணவர், அந்தத் துறை கேட்கும் முன்பாடங்களை இன்றும் வளாகவாரியாகத் தேடிப் பார்த்துத்தான் தன் முதல் பருவத்தைத் திட்டமிட வேண்டியிருக்கிறது.